ஏற்காட்டு மலையூர்களில் எங்கள் ஆய்வுக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி

இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் பரம்பரையாக வரும் குறைபாடுகளைக் குறித்து ஏற்காட்டு மலையூர்களில் நாங்கள் நடத்திய இரத்த மாதிரி சேகரிப்பு நிறைவடைந்திருக்கும் இவ்வேளையில், உடன்நின்ற அனைவருக்கும் ஆய்வுக் குழுவின் சார்பில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்.

முதல் நன்றி, காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் அரைநாள் கூலியை இழந்து வந்து, கை நீட்டி இரத்தம் கொடுத்த நாகலூர், வெள்ளக்கடை மக்களுக்கு உரியது. நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் (சிவப்பணு அரிவாள்போல் வளையும் பரம்பரைக் குறை) இருப்பதை ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் 1952-இல் அறிவித்த காலம் தொட்டே மலைமக்களின் இரத்தம் ஆய்வுக்கூடங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. முடிவுகள் அவர்கள் வீடு திரும்பியது குறைவு என்பது என் எண்ணம். "ரிசல்ட்ட எங்க கையில குடுப்பீங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்ட பிறகே, ஒவ்வொருவர் முடிவையும் ஒட்டிய உறையில் அவரவரிடமே தருவதென்று முடிவு செய்தோம். பெண் பார்க்க வரும் இடத்தில் பேச்சாகிவிடுமோ என்ற அச்சம் நியாயமானதே.

அந்த அச்சத்தைத் தணித்தவர் கிராம சுகாதாரச் செவிலியர். ஹீமோகுளோபின் புரதத்தின் பீட்டா சங்கிலியில் 6-ஆவது அமினோ அமிலமாகக் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலைன் அமைந்துவிட்டால், ஆக்சிஜனை இறக்கியதும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி இழைகளாகிச் சிவப்பணுவை வளைத்துவிடுகின்றன என்று நாங்கள் விளக்கிக்கொண்டிருந்தபோது, "மூச்சுக்காத்த இறக்குனதும் அணு வெறைச்சுப்போயி சின்னக் குழாயில சிக்கிக்குது, அதான் அந்த வலி" என்று அவர் ஒரே வரியில் முடித்தார். பெற்றோரில் ஒருவரிடம் மட்டும் குறை இருந்தால் பிள்ளைக்கு நோயாக வராது என்பதையும், இருவருமே கடத்திகளானால் (நோயின்றிக் குறையை மட்டும் சுமப்பவர்களானால்) ஒவ்வொரு பேற்றிலும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதையும் அவரே வீடு வீடாகச் சொன்னார்.

ஜீப் ஓட்டுநருக்கும் தனி நன்றி. ஊதா மூடிக் குப்பிகள் ஐஸ் பொதியை நேராகத் தொட்டால் இரத்தம் குளிரில் உறைந்து சிவப்பணுக்கள் சிதைந்துவிடும் என்று கேட்டறிந்து, நடுவில் பழைய செய்தித்தாளை மடித்து வைத்து, 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பெட்டி ஆடாமல் சேலத்துக்கு இறக்கிவந்தவர் அவர்.

ஹீமோகுளோபின் குறைவாக உருவாகும் பரம்பரைக் குறையான தலசீமியாவின் கடத்திகளை அடையாளம் காட்ட உதவும் ஹீமோகுளோபின் ஏ2 அளவு, எல்லையான 3.5 விழுக்காட்டை ஒட்டி நின்ற மாதிரிகளை, இரும்புச்சத்துக் குறைவு அந்த அளவைத் தாழ்த்திக் காட்டக்கூடும் என்பதால் தாமாகவே மறுபரிசோதனைக்கு எடுத்த ஆய்வகப் பணியாளர்களுக்கும், இரும்புச்சத்தில் குறையில்லாத தலசீமியாக் கடத்திகளுக்கு வீணாகக் கொடுக்கப்பட்டுவந்த மாத்திரைகளை நிறுத்திய மருத்துவர்களுக்கும் கடமைப்பட்டுள்ளோம்.

உறையை இன்னும் பெறாதவர்கள் செவிலியரிடம் நேரில் பெற்றுக்கொள்ளலாம். வேறு எவரிடமும் கொடுத்தனுப்ப மாட்டோம்.

நன்றியுடன்,
ஆய்வுக் குழுவினர், சேலம்