நைட் டியூட்டி பார்த்த நாவலாசிரியர்

அன்புள்ள சரசு,

உன் கடிதம் வந்தது. முட்டி வலி பரவாயில்லை என்று எழுதியிருந்தாய். அதை நம்பி மாடிப்படி ஏறாதே. எனக்கு இடது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. மூன்று வாரம் புத்தகம் பக்கமே போகவிடாமல் மருமகள் காவல் இருந்தாள். அப்புறம் முதலில் கையில் எடுத்தது அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் நெல்லா லார்சனின் 'பாஸிங்' நாவல். அவரும் உன்னைப் போல நர்ஸ் என்பதால் படிக்கும்போதெல்லாம் உன் நினைப்புதான்.

1891இல் சிகாகோவில் பிறந்தவர். அம்மா டென்மார்க்கிலிருந்து வந்த வெள்ளைக்காரி. அப்பா, அப்போது டென்மார்க் வசம் இருந்த கரீபியன் தீவுகளைச் சேர்ந்த கலப்பினத்தவர். அம்மா பிறகு ஒரு டேனிஷ்காரரைக் கட்டிக்கொண்டு இன்னொரு பெண்ணையும் பெற்றாள். அந்த வீட்டில் கறுப்பு என்று இவர் ஒருவர்தான். நியூயார்க்கில் நர்சிங் படித்து, அப்புறம் அங்கே கறுப்பர்கள் நிறைந்த ஹார்லெம் பகுதியில் நூலகராகி, 1928இலும் 1929இலும் இரண்டே நாவல்கள் வெளியிட்டார். இரண்டுமே சின்னப் புத்தகங்கள்.

'பாஸிங்' என்றால், பார்க்க வெள்ளையாக இருக்கும் கறுப்பர் வெள்ளையராகவே வாழ்ந்துவிடுவது. நாவலில் கிளேர் என்பவள் அப்படித்தான் ஒரு வெள்ளைக்காரனைக் கட்டியிருக்கிறாள். அவனுக்குக் கறுப்பர் என்றாலே ஆகாது. ஒருநாள் தேநீர் குடிக்க வந்த இரண்டு தோழிகளுக்கு முன்னால், கல்யாணத்தின்போது அல்லிப்பூ மாதிரி இருந்தவள் வரவரக் கறுத்துக்கொண்டே போகிறாள் என்று மனைவியைக் கேலி செய்கிறான். அந்த மூன்று பெண்களுமே கறுப்பர்கள் என்பது அவனுக்குத் தெரியாது. தோழிகளில் ஒருத்தியான ஐரீன் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாள். சரசு, அந்தச் சிரிப்பைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். ரொம்ப நேரம் திறக்கவில்லை.

1930இல் லார்சன் ஒரு சிறுகதையை வேறொருவரைப் பார்த்து எழுதினார் என்று பழி வந்தது. அதே ஆண்டு எழுத்தாளர்களுக்கும் கொடுக்கும் கக்கன்ஹைம் உதவி நிதியும் கிடைத்து ஸ்பெயின் போனார். அங்கே எழுதியது அச்சேறவில்லை. 1933இல் விவாகரத்து. முன்னாள் கணவர் 1941இல் இறந்ததும் ஜீவனாம்சம் நின்றுபோக, மறுபடி நர்ஸ் வேலைக்கே போனார். மன்ஹாட்டனில் நைட் டியூட்டி. 1964இல் இறக்கும்வரை அதே தொழில்தான்.

இதைத்தான் விமர்சகர்கள் 'மறைந்துபோனார்' என்று எழுதுகிறார்கள். எனக்குக் கோபமே வந்துவிட்டது. முப்பது வருஷம் இரவெல்லாம் விழித்து நோயாளிகளைப் பார்த்தாயே, நீ என்ன மறைந்தா போனாய்? சம்பளத்துக்குச் சம்பளம், மரியாதைக்கு மரியாதை. ஆனால் நானும் யோக்கியமில்லை. மூன்றாவது நாவல் ஒன்று வந்திருக்கக் கூடாதா என்று மனசு கேட்கத்தான் செய்கிறது.

சரி, ஒன்று சொல். வார்டு அடங்கி, சொட்டுச் சொட்டாக டிரிப் மட்டும் இறங்கிக்கொண்டிருக்கும் மூன்று மணி வாக்கில் நீ என்னதான் யோசிப்பாய்? இத்தனை வருஷத்தில் கேட்டதே இல்லை. அடுத்த கடிதத்தில் அதை எழுது, முட்டி வலியை அல்ல.

உன்,
வசந்தா