விதிகளை அப்படியே கணினிக் கோடாக மாற்றினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் மாவட்டத்துக் கல்லூரி மாணவர்கள் வீடியோ கேம் உருவாக்குவதைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மிகவும் சந்தோஷம். ஆனால் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கதையை ஆடும் டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டின் விதிகளை ஒரு வரி விடாமல் கோடாக எழுதியிருப்பதையே பெரிய சாதனையாகப் பாராட்டியிருந்தது எனக்கு ஒப்பவில்லை.

தக்கலையில் எங்கள் வீட்டு வராந்தாவில் ஞாயிறு மதியம் அப்படிப்பட்ட ஒரு விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம். கதையை நடத்துவது நான். இப்போது நடக்கும் கதை 1741-இல் குளச்சலில், டச்சுக்காரர்களுக்கும் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கும் நடந்த போரை ஒட்டியது. டச்சு முகாமுக்குள் ஒரு கதாபாத்திரம் நுழைய வேண்டும். புத்தகப்படி பார்த்தால் ஒளிந்து போக வேண்டும், இருபது முகப் பகடையில் குறைந்தது 15 வேண்டும். அதை ஆடிய பெண் சொன்னாள்: "அக்கா, நான் எதுக்கு ஒளியணும்? கருவாட்டுக் கடவத்தைத் தலையில வச்சிட்டு நேரா போறேன். பட்டாளத்துக்கும் மீன் வேணும்லா?" நியாயம்தானே! ஒளிவதை விட்டு, காவலனிடம் பேசிச் சமாளிக்கும் திறமைக்குப் பகடையை உருட்டச் சொன்னேன். 10 போதும் என்றேன். அவ்வளவுதான், கதை நகர்ந்துவிட்டது.

1974-இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே இந்த விதிகள், மேசையில் தீர்ப்புச் சொல்ல ஓர் ஆள் இருப்பார் என்று நம்பி எழுதப்பட்டவை. கணினியில் அந்த ஆள் இல்லை. கருவாட்டுக் கடவத்தை யாராவது முன்கூட்டியே யோசித்து எழுதி வைத்திருந்தால்தான் அங்கே அந்த வழி திறக்கும். எனவே எந்த விதியை வைப்பது, எதை மாற்றுவது, எதை விடுவது என்று முடிவெடுப்பதுதான் கேம் செய்பவரின் உண்மையான வேலை.

பெரிய கேம்களும் இப்படித்தான் செய்தன. இதே விதிகளை வைத்து 1998-இல் வந்த கணினி கேமான பால்டர்ஸ் கேட், ஆறு விநாடிக்கு ஒரு சுற்று என்ற கணக்கை உள்ளே ஓடவிட்டு, சண்டையை நிற்காமல் நடத்தியது. யோசிக்க நேரம் வேண்டுமென்றால் ஆடுபவரே நிறுத்திக்கொள்ளலாம். 2023-இல் வந்த மூன்றாம் பாகமோ ஒவ்வொருவராக ஆடும் முறைக்குத் திரும்பியது. அதிலும் புத்தகத்தை அப்படியே பின்பற்றவில்லை. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிப்படி காயத்துக்கு மருந்து குடித்தால் அந்த முறை வாள் வீச முடியாது. மூன்றாம் பாகத்தில் இரண்டையும் செய்யலாம். 2024-இல் திருத்தி வந்த விதிப்புத்தகமும் அந்த வழிக்கே வந்தது.

பகடை விஷயம் இன்னும் சிக்கலானது. இருபது முகப் பகடையில் எட்டோ அதற்கு மேலோ விழுந்தால் எதிரி மேல் அடி படும் என்றால் வாய்ப்பு 65 சதவீதம். தொடர்ந்து மூன்று முறை தவறுவதற்கு நூற்றுக்கு நான்கு வாய்ப்பு உண்டு. மேசையில் அப்படி நடந்தால் எல்லோரும் சேர்ந்து சிரிப்போம், அடுத்த வாரமும் அதைச் சொல்லிச் சிரிப்போம். தனியாகத் திரை முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கோ கேம் ஏமாற்றுகிறது என்றுதான் தோன்றும். பால்டர்ஸ் கேட் மூன்றில் தோல்வியே அடுக்கடுக்காக விழாமல் பகடையைச் சரிக்கட்டும் வசதி இருக்கிறது. வேண்டாம் என்றால் அணைத்துவிடலாம். கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது என்று அதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை அதன் பதிப்பாளர்களே 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யார் வேண்டுமானாலும், விற்பனைக்குக்கூட, பயன்படுத்தலாம். ஆகவே நம் பிள்ளைகளுக்கு உரிமச் சிக்கல் இல்லை. கோடு எழுதுவதற்கு முன் சில வாரம் மேசையில் உட்கார்ந்து ஆடட்டும். கதை நடத்துபவர் எங்கெல்லாம் புத்தகத்தை மீறுகிறார் என்று குறித்துக்கொள்ளட்டும். நிருபரும் அடுத்த முறை அவர்களைச் சந்திக்கும்போது எந்த விதியை விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று கேட்டு எழுத வேண்டும்.

எங்கள் குளச்சல் கதைக்கான குறிப்புகள் ஒரு நோட்டு நிறைய இருக்கின்றன. அந்த மாணவர்கள் கேட்டால் தரத் தயார்.

இப்படிக்கு,
வாசகி, தக்கலை