போனவர் கணக்கை முதலில் மூடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த வாரம் இந்தப் பகுதியில் தேவகோட்டை வாசகர் ஒருவர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்று மாற்று என்று அலுவலகத்தில் உயிரை எடுக்கிறார்கள், இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டிருந்தார். அவருடைய எரிச்சல் நியாயமானது. ஆனால், அந்த விதியை நாளைக்கே தூக்கிவிட வேண்டும் என்று முடித்திருந்தாரே, அதில்தான் எனக்குத் தயக்கம். காரைக்குடி, பள்ளத்தூர், புதுவயல் பக்கம் கடைகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் கணினி பராமரிப்பது என் தொழில். தூக்கலாம். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: வேலையை விட்டுப் போனவரின் லாகினை மூடுவது. நம் பக்கத்தில் அதை அநேகமாக யாரும் செய்வதில்லை.

இந்த விதி யாரோ வீம்புக்குப் போட்டதல்ல. 1985-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை பாஸ்வேர்டு நிர்வாகத்துக்கென்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் இருந்தது எளிய கணக்குதான். மொத்தம் எத்தனை பாஸ்வேர்டு சாத்தியம், ஒருவன் நிமிடத்துக்கு எத்தனை முறை ஊகித்துப் பார்ப்பான், ஒரே பாஸ்வேர்டு எத்தனை நாள் புழக்கத்தில் இருக்கும் என்று பார்த்தார்கள். நாள் கூடக் கூட, மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் கூடும். அதனால் எந்தப் பாஸ்வேர்டையும் ஓராண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றார்கள். தொலைபேசிக் கம்பி வழியாக நிமிடத்துக்கு எட்டு, ஒன்பது முறை முயன்று பார்க்கும் காலம் அது.

இன்னொரு காரணமும் உண்டு, அது இன்றைக்கும் செல்லும். பாஸ்வேர்டு களவு போனால் உரியவருக்குத் தெரியாது. அவரிடமும் இருக்கும், எடுத்தவனிடமும் இருக்கும். எப்போது போனது என்றே தெரியாத ஒன்றை எப்போதாவது செல்லாததாக்கியாக வேண்டுமே, அதற்காக வைத்த தேதிதான் காலாவதித் தேதி. எடுத்தவன் சத்தமில்லாமல் வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஏஜெண்டை அனுப்பிய காலத்தில் மூன்று வருஷத் தவணை என்பதுதான் வழக்கம். கையில் முக்தியார் பத்திரம் (முதலாளி சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) இருக்கும், கொடுக்கல் வாங்கல் எல்லாம் அவர் கையெழுத்தில் நடக்கும். தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார், அடுத்தவர் போவார். ஆளை நம்பாமல் செய்ததல்ல. ஒருவருக்குக் கொடுத்த அதிகாரம் எந்தத் தேதியோடு முடிகிறது என்பது ஊரில் இருக்கும் முதலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் தேவகோட்டைக்காரர் சொன்னது தவறா என்றால், இல்லை. உலகம் அவர் பக்கம் வந்து சில வருஷம் ஆகிறது. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய கணக்குகளின் பாஸ்வேர்டுகளை எடுத்து ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டாயமாக மாற்றப்பட்டவை அவை. பழைய பாஸ்வேர்டு தெரிந்தால் போதும், 17 சதவீதக் கணக்குகளில் அடுத்ததை ஐந்து முயற்சிக்குள் கண்டுபிடிக்க முடிந்தது. மனிதர்கள் கடைசி எண்ணைக் கூட்டுகிறார்கள், முதல் எழுத்தைப் பெரிதாக்குகிறார்கள், வேறொன்றும் செய்வதில்லை. அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட், காரணமில்லாமல் குறிப்பிட்ட கால இடைவெளியில் மாற்றச் சொல்லாதீர்கள், களவு போனதற்கு அறிகுறி தெரிந்தால் மட்டும் உடனே மாற்றச் சொல்லுங்கள் என்று 2017-ல் எழுதியது. மைக்ரோசாஃப்ட் 2019-ல் விண்டோஸுக்கான தன் பாதுகாப்புப் பரிந்துரைகளிலிருந்து காலாவதி விதியை நீக்கியது. அவர்கள் சொன்ன நியாயம் எனக்குப் பிடித்திருந்தது: களவு போகாத பாஸ்வேர்டை மாற்றத் தேவையில்லை, களவு போயிருந்தால் காலாவதி தேதிவரை எதற்குக் காத்திருக்க வேண்டும்?

இன்றைய திருடன் காத்திருப்பதில்லை. காலையில் பாஸ்வேர்டு கிடைத்தால் மதியத்துக்குள் வேலையை முடித்துவிடுகிறான். அதைவிட வேடிக்கை, இந்த விதியே அவனுக்கு உதவுகிறது. "உங்கள் பாஸ்வேர்டு இன்று காலாவதியாகிறது, தொடர்ந்து பயன்படுத்த இங்கே அழுத்தவும்" என்று ஒரு மெயில் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உண்மையாகவே இப்படிப்பட்ட எச்சரிக்கையைப் பார்த்துப் பழகிய கணக்குப்பிள்ளை, அதையும் அழுத்திப் பழைய பாஸ்வேர்டைத் தாராளமாக அடித்துக் கொடுத்துவிடுவார். விதியே இல்லாத அலுவலகத்தில் அந்த மெயில் வந்தால் "இதென்ன புதுசா இருக்கு" என்றாவது யோசிப்பார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். பெயர் வேண்டாம், நான் போய்வரும் ஒரு நிறுவனத்தின் பில்லிங் கவுண்டரில் மானிட்டருக்குப் பின்னால் ஓர் அட்டை ஒட்டியிருக்கும். குன்றக்குடி@1 என்று எழுதி அடித்திருக்கும். கீழே குன்றக்குடி@2, அதுவும் அடித்திருக்கும். அப்படியே இறங்கிக்கொண்டே போகும், கடைசியில் அடிக்காமல் இருப்பது இன்றைய பாஸ்வேர்டு. முருகன் துணை இருப்பார் என்ற நம்பிக்கையாக்கும்! அங்கே ஒருநாள் ரத்தான பில் ஒன்றைப் பற்றிச் சச்சரவு வந்தது. யார் ரத்து செய்தது என்று எடுத்துப் பார்த்தால், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வெகுநாளான பையனின் பெயர் நிற்கிறது. அவன் அங்கிருந்து செய்யவில்லை, பாவம். அவனுக்குப் பதிலாக வந்தவருக்குத் தனி ஐடி போடச் சோம்பல்பட்டு, போனவனின் ஐடியையே கொடுத்துவிட்டார்கள். கவுண்டரில் உட்காரும் எல்லோருக்கும் அதுதான். யார் ரத்து செய்தார் என்பது கடைசிவரை தெரியவில்லை.

என் தயக்கத்துக்குக் காரணம் இதுதான். இப்படிப்பட்ட இடங்களில் காலாவதி விதி, வேறு யாரோ செய்ய வேண்டிய வேலையை அரைகுறையாகச் செய்துகொண்டிருக்கிறது. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை யாரும் மூடுவதில்லை. மூன்று மாதம் ஆனால், அதே ஐடியில் உட்காருகிறவர்கள் மாற்றுவதால் அந்தப் பாஸ்வேர்டாவது செத்துப்போகும், கோபித்துக்கொண்டு போனவரும் வீட்டிலிருந்தே உள்ளே நுழைந்து விலைப்பட்டியலையும் வாடிக்கையாளர் பட்டியலையும் பார்க்க முடியாது. (அடுத்தது குன்றக்குடி@9 என்று ஊகிக்காத வரைக்கும்.) இந்த நிலையில் விதியை மட்டும் எடுத்தால், இருக்கிற ஓட்டைக் கதவும் போய்விடும்.

ஆகவே தேவகோட்டை வாசகர் தன் நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது வேறு. ஒவ்வொருவருக்கும் தனி ஐடி கொடுங்கள். ஆள் விலகும் நாளில், சம்பளப் பாக்கியைக் கணக்குத் தீர்க்கும்போதே லாகினையும் மூடுங்கள். சாஃப்ட்வேரில் ஓ.டி.பி. மாதிரி இரண்டாவது சோதனை வைக்க வசதி இருந்தால் வையுங்கள், பல சாஃப்ட்வேர்களில் அது இருந்தும் யாரும் இயக்குவதில்லை. அப்புறம் பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும். வீட்டில் பேசுகிற நாலைந்து சொற்களைச் சம்பந்தமில்லாமல் ஆங்கில எழுத்தில் சேர்த்து அடித்தால் போதும், விரலுக்கும் பழகும், மனதிலும் நிற்கும். இவ்வளவும் ஆன பிறகு காலாவதியை எடுக்கச் சொன்னால் நானே வந்து எடுத்துத் தருகிறேன்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கார்டு விவரங்களைக் கையாளும் அமைப்புகளுக்கென்று தனித் தரநிலை இருக்கிறது. பாஸ்வேர்டு ஒன்றை மட்டுமே நம்பி உள்ளே விடுகிற இடங்களில் 90 நாளுக்கு ஒருமுறை மாற்றுவது இன்னும் அதில் இருக்கிறது. அதன்கீழ் வருகிற நிறுவனம், நிஸ்ட் சொல்லிவிட்டது என்று தணிக்கையாளரிடம் வாதாடிப் பயனில்லை.

உங்கள் நாளிதழைப் படிக்கும் முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவரைக் கூப்பிட்டு, இன்றைய தேதியில் உள்ளே நுழைய அனுமதி உள்ளவர்களின் பட்டியலைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். கூடவே இந்த மாதச் சம்பளப் பட்டியலையும் வைத்துக்கொண்டு, முதல் பட்டியலில் இருக்கிற, ஆனால் இரண்டாவதில் இல்லாத பெயர்களை அன்றைக்கே நீக்கச் சொல்லுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அது பராமரிப்பு ஒப்பந்தத்துக்குள் அடங்க வேண்டிய வேலைதான்.

இப்படிக்கு,
மு.ரா.,
செக்காலை, காரைக்குடி.