‘மலையரசி’ யாருக்குச் சொந்தம்? வியாபாரிகள் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வியாபாரிகள் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

நான் குன்னூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் ரிதம் பேட் வாசிக்கிறேன். எங்கள் குழுவின் பெயரில் ‘மலையரசி’ இருக்கிறது. அதே பெயரில் லாட்ஜ் நடத்தும் ஒருவர், எங்கள் பெயரை மாற்றச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார். “முதலில் வைத்தவருக்கே பெயர்” என்று சங்கங்கள் தீர்மானம் போட வேண்டும் என்றும் கேட்டு வருகிறார். தயவுசெய்து அப்படி ஒரு தீர்மானம் வேண்டாம்.

ஊட்டியை மலைகளின் அரசி என்று சீசனுக்கு வந்தவர்கள் சொல்லிச் சொல்லியே அந்தப் பட்டம் நிலைத்தது. முசூரியையும் டார்ஜிலிங்கையும் கூட அப்படித்தான் அழைக்கிறார்கள். ஊருக்கே தனி உரிமை இல்லாத பட்டத்துக்கு ஒரு லாட்ஜ் எப்படி உரிமை கொண்டாடும்? அதோடு, போர்டில் மலையரசி என்று எழுதிய எல்லாரும் சுற்றுலாவை நினைத்து எழுதவில்லை. எங்கள் குழுவைத் தொடங்கிய அண்ணன் அம்மனை நினைத்து வைத்த பெயர் அது.

நீலகிரி என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஓடும் ரயில் நீலகிரி எக்ஸ்பிரஸ். 1905-ல் இந்த மலையில் தொடங்கி பெங்களூரில் வளர்ந்த சூப்பர் மார்க்கெட்டுக்கும் இதே பெயர். 1972-ல் கடற்படையில் சேர்ந்த போர்க்கப்பல் ஐஎன்எஸ் நீலகிரி. அது ஓய்வு பெற்று, 2025 ஜனவரியில் புதுக் கப்பல் ஒன்று அதே பெயரோடு வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த யூகலிப்டஸ் மரத்தின் எண்ணெய் நமக்கு நீலகிரித் தைலம். கன்னடத்தில் மரத்துக்கே நீலகிரி என்றுதான் பெயர். இவற்றுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மலைமீது வைத்த பிரியம் ஒன்றுதான் பொது. அந்தப் பிரியத்துக்கு யாரும் பட்டா போட முடியாது.

டிரேட்மார்க் பதிவும் தொழில் வாரியாகத்தான் நடக்கிறது. தேயிலை 30-ம் வகுப்பு, இசை நிகழ்ச்சி 41, லாட்ஜ் 43. கொல்கத்தாவில் ஒரு நட்சத்திர ஹோட்டல் தன் லவுஞ்சுக்கு டார்ஜிலிங் என்று பெயர் வைத்ததை எதிர்த்துத் தேயிலை வாரியம் வழக்குப் போட்டது. புவிசார் குறியீட்டு உரிமை (ஓர் ஊரின் சரக்குக்கு அந்த ஊர்ப் பெயரைக் காக்கும் பதிவு) சரக்கைப் பற்றியதுதான், லவுஞ்சைத் தடுக்காது என்று 2019-ல் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது.

குழப்பமே வராது என்று சொல்லமாட்டேன். கல்யாண வீட்டார் எங்களுக்குப் போடும் போன் லாட்ஜுக்குப் போகிறது. லாட்ஜில் சுடுதண்ணீர் வரவில்லை என்று யாரோ போட்ட ஒற்றை ஸ்டார், மேப்பில் எங்கள் குழுவின் பெயரில் நிற்கிறது. பாட்டு ஆப்களிலும், ஒரே பெயருள்ள இரண்டு குழுக்களின் பாட்டுகள் ஒரே பக்கத்தில் கலந்துவிடுகின்றன. இதற்கு வழி எளிது: தொழிலும் ஊரும் பெயரோடு சேர்ந்தே வரட்டும். இப்போது ஃபிளெக்ஸில் ‘மலையரசி’ ஆளுயரத்துக்கு இருக்கும். அடியில் ‘மெல்லிசைக் குழு, குன்னூர்’ என்பது எறும்பு ஊர்ந்தது போல இருக்கும். இரண்டையும் ஒரே அளவில் எழுதச் சொல்லுங்கள். நாங்கள் அடுத்த போர்டிலேயே மாற்றிவிடுகிறோம்.

நீங்கள் கண்டிப்பு காட்ட வேண்டிய இடம் போர்டு அல்ல, சரக்கு விற்கும் பாக்கெட். பழைய முறையில் இலையைச் சுருட்டிச் செய்யும் ‘நீலகிரி ஆர்த்தடாக்ஸ்’ தேயிலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களின் எம்பிராய்டரிக்கு 2013-ல் கிடைத்தது. எங்கோ விளைந்த தூளை நீலகிரித் தேயிலை என்று விற்றால் சிறு விவசாயியின் பச்சைத் தேயிலைக்கு விலை கிடைக்காமல் போகும். மெஷினில் போட்ட சால்வையைத் தோடர் வேலை என்று விற்றால், மந்தில் (தோடர் குடியிருப்பில்) உட்கார்ந்து நூல் எண்ணி எண்ணித் தைக்கும் பெண்ணின் கூலி போகும். அப்புறம் பெயரை மட்டும் காப்பாற்றி என்ன பயன்? தீர்மானம் போடுவதென்றால் இதற்குப் போடுங்கள்.

கூட்டம் என்றைக்கு என்று சொன்னால், நானும் எங்கள் தெரு ‘மலையரசி’ பேக்கரிக்காரரும் வருகிறோம். லாட்ஜ்காரரையும் கூப்பிடுங்கள். நேரில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
குன்னூர் மெல்லிசைக் கலைஞன் ஒருவன்