ஈசல் கட்டிய ஞாயிற்றுக்கிழமைக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

போன ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லிடைக்குறிச்சியில் 23 பேர் உட்கார்ந்து தூண்டில் ஃப்ளை கட்டினோம். இறகையும் நூலையும் முள்ளில் சுற்றி, பூச்சிதான் என்று மீனை நம்பவைப்பது ஃப்ளை. மண்புழுவும் மைதா உருண்டையும் போட்டுப் பழகிய நம் பக்கத்தில் இதைச் சொல்லித்தர ஆள் கிடைப்பது அபூர்வம். வீட்டில் தனியாகத் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்தவர்கள், தெரிந்ததை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளலாம் என்று கூடினோம். அந்த நாளை நடத்திக்கொடுத்தவர்களில் பலர் தூண்டிலைக் கையால் தொட்டதே இல்லை. அவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் ஆச்சி. பேசி வைத்திருந்த மண்டபம் இரண்டு நாளைக்கு முன்னால் கைவிட்டுப் போனது. விஷயம் காதில் விழுந்ததும், "எங்க தார்சா சும்மாதான கெடக்கு, வந்து உக்காருங்க" என்றார்கள், வீட்டின் முன்கூடத்தைக் காட்டி. சாரல் காலம். மேற்கே மலையிலிருந்து வந்த காற்று, பிரித்து வைத்த இறகையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் முற்றத்தில் போட்டது. கதவைச் சாத்தினால் வெளிச்சம் போய்விடும். நாங்கள் இறகு பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே ஆச்சி பரணிலிருந்து சம்படம் சம்படமாக இறக்கிவிட்டார்கள். நிறத்துக்கு ஒன்றாக இறகை அடைத்தோம். அப்புறம் அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கி, ஆளுக்கொரு சொளகு மடியில். வெட்டி விழுந்த துணுக்குகூட அதைத் தாண்டவில்லை.

கறிக்கடை அண்ணாச்சிக்கு அடுத்து. மூன்று வாரமாக நாட்டுச் சேவல் உரிக்கும்போதெல்லாம் கழுத்து இறகைத் தனியாக எடுத்து வைத்தார். "வால் இறகு ஆகாதா?" என்று கேட்டார். சேவலின் கழுத்து இறகில் மயிர் விறைப்பாக இருக்கும். முள்ளைச் சுற்றிக் கட்டினால் பூச்சிக்காலைப் போலச் சுற்றிலும் விரிந்து, ஃப்ளையைத் தண்ணீர் மேலே தாங்கும். மாசிடோனியாவில் சிவப்புக் கம்பளி நூலையும் சேவல் இறகையும் முள்ளில் கட்டி மீன் பிடித்ததாக ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். மயிலிறகை மட்டும் யாரும் கொண்டுவர வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தோம். உதிர்ந்த இறகுதான் என்றாலும், பாதுகாக்கப்பட்ட பறவையோடு நம் பொழுதுபோக்கைச் சேர்க்க எனக்கு மனமில்லை.

லேத் பட்டறை அண்ணாச்சி, டிரில் மெஷினின் சக் ஒன்றைக் கட்டையில் பொருத்தி, முள்ளைக் கவ்விப் பிடிக்க 9 வைஸ் செய்து தந்தார். சாமான் விலைக்கு மேல் ஒரு பைசா வாங்கவில்லை. தையல்கார அண்ணன் எம்ப்ராய்டரி மெஷின் நூலைக் கண்டு கண்டாகக் கொடுத்தார். சாதாரணத் தையல் நூல் 10-ஆம் எண் முள்ளுக்குத் தடிமன். எண் கூடக் கூட முள் சிறுத்துக்கொண்டே போகும். அம்பாசமுத்திரத்துப் பெரியவர் ஒருவர் ஒவ்வொருவரிடமும் குனிந்து, "முள்ளுக் காதுக்குப் பின்னால ஒரு எள்ளு எடம் விடு" என்று சொல்லிக்கொண்டே போனார். அந்த இடத்தை விடாமல் கட்டினால் கடைசி முடிச்சுக்கு இடமிருக்காது.

பூக்கட்டுகிற அக்காவைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். ஆச்சிக்குப் பூக் கொடுக்க வந்தவர், படியில் நின்றபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நாங்கள் கட்டியது ஈசல். மழை விட்ட சாயங்காலம் ஈசல் புறப்பட்டதும் குளத்து மீன் மேலே வந்து வாய் திறக்கிறதே, அதற்காக. ஈசலுக்கு நான்கு இறக்கை, நான்கும் ஒரே நீளம், உடம்பைவிடப் பெரியவை. அவை முள்ளின் முதுகில் நிற்க வேண்டும். எங்களுக்கோ நூலை இறுக்கியதும் பக்கவாட்டில் புரண்டன. அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

"விரல எடுத்துட்டு இறுக்குதீங்க தம்பி. பிடிச்ச பிடிய விடாம, நூல விரலுக்குள்ள தளர்வா விட்டு ஒரு சுத்து கொண்டாங்க. அப்புறமா இழுங்க."

இரண்டு வருடம் வீடியோ பார்த்தும் என் கைக்கு வராதது ஐந்து நிமிடத்தில் வந்தது. இறக்கை நட்டுக்குத்தலாக நின்றது. மதியச் சாப்பாடு வரை அவரைச் சுற்றித்தான் எல்லோரும் இருந்தார்கள். அன்றைய வியாபாரத்தில் பாதியை எங்களுக்காக விட்டிருப்பார், கேட்டால் சிரிக்கிறார்.

சாயங்காலம் தன் குளத்தில் தூண்டில் போடச் சம்மதித்த மீன் குத்தகைக்காரருக்கும் நன்றி. மீன் கழன்றுவிடாமல் தடுக்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டு, பிடித்ததைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவது என்றுதான் அனுமதி கேட்டோம், அப்படியே செய்தோம். வீரவநல்லூரிலிருந்து அப்பாவோடு வந்த பிள்ளை ஒன்றுக்குத்தான் முதல் மீன், கையகல ஜிலேபி. கடித்தது அக்கா கட்டிய ஈசல்.

அக்கா, அந்த ஈசலில் ஓர் இறக்கை போய்விட்டது. மற்ற மூன்றும் அசையவில்லை. பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆச்சி, சம்படங்களைக் கழுவிக் காயவைத்தாயிற்று. வருகிற ஞாயிறு காலை இரண்டையும் எடுத்துக்கொண்டு தார்சாவுக்கு வருகிறேன்.

அன்புடன்,
கூடுகைக்கு ஆள் கூப்பிட்டவர்களில் ஒருவன்