வாசக மேடையிலிருந்து என்னை நீக்கிய அருட்பணிச் சபைக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பங்கின் அருட்பணிச் சபைத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். ரொறன்ரோவில் நமது தமிழ்ப் பங்கில் பதினோரு ஆண்டுகளாகத் திருப்பலியில் முதல் வாசகம் வாசித்து வந்தவள் எழுதுகிறேன். என் பெயர் உங்களுக்குத் தெரியும். கொக்கோப் பானம் குடிக்கும் சடங்குக்குப் போகிறேன் என்று என்மீது சொல்லப்பட்டதும் தெரியும். என்னிடம் மட்டும் நீங்கள் எதையும் கேட்கவில்லை.

என் கணவரின் மூன்றாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு அரை மணி நேரம் முன்னதாகவே வந்தேன். நீதிமான்களின் ஆன்மாக்கள் கடவுளின் கையில் இருப்பதாகச் சாலமோனின் ஞானம் சொல்லும் பகுதிதான் அன்றைய வாசகம். குரல் உடையாமல் வாசிக்க வேண்டும் என்று ஒரு வாரமாக வீட்டில் பழகியிருந்தேன். பீடத்துக்குப் பின்னால் உள்ள அறையில் ஒட்டியிருந்த பட்டியலில் என் பெயர் பேனாவால் வெட்டப்பட்டு, அதன் மேல் வேறொரு பெயர் எழுதப்பட்டிருந்தது. மூன்றாம் வரிசையில் போய் உட்கார்ந்தேன். வாசித்த பிள்ளை நன்றாகவே வாசித்தார், அவர்மேல் எனக்குக் குறை ஏதும் இல்லை. பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொண்டுவந்த தாள் என் கையிலேயே இருந்தது. "அம்மம்மா, நீங்கள் ஏன் போகவில்லை?" என்று பேத்தி கேட்டாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

திருப்பலி முடிந்தபின் உங்களில் ஒருவர் படியில் நின்று சொன்னார்: "கொக்கோப் பூசைக்குப் போகிறீர்களாம். பங்கில் பேச்சாக இருக்கிறது. கொஞ்சக் காலம் ஒதுங்கியிருங்கள்."

நான் கேட்பது ஒன்றுதான். என்னை அழைத்து உட்கார வைத்துக் கேளுங்கள். அதன் பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

கணவர் போனபின் எனக்கு உறக்கம் போயிற்று. முதியோர் இல்லத்தில் என்னோடு இரவு வேலை செய்யும் குவாத்தமாலாப் பெண் ஒருத்தி அதைக் கவனித்தாள். அவள் ஊர் அதித்லான் ஏரிக் கரையில் உள்ள சந்தியாகோ அதித்லான். நாம் சந்தியோகுமையோர் என்று கூத்தில் பாடும் அதே யாகப்பரின் பெயரைக் கொண்ட ஊர். அவள் சுதுஹில் மொழி பேசும் மாயா இனத்தவள், கத்தோலிக்கப் பெண். அவர்களின் பங்குத் தந்தை ஸ்டான்லி ரோதர் 1981 யூலை 28 அன்று தன் பங்கு இல்லத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2017இல் திருச்சபை அவரை அருளாளராக உயர்த்தியது. உடல் அவர் பிறந்த ஒக்லஹோமாவுக்குப் போயிற்று, இதயத்தை அந்த மக்கள் தங்கள் ஆலயத்திலேயே வைத்துக்கொண்டார்கள். குருக்களையும் பிள்ளைகளையும் போரில் பறிகொடுத்த மண்ணிலிருந்து வந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அவளுடைய விசுவாசம் என்னுடையதைவிடக் குறைந்தது என்று சொல்ல எனக்கு நா எழாது.

அவள்தான் முதலில் எனக்குக் கொக்கோ காய்ச்சித் தந்தாள். வறுத்து அரைத்த கொக்கோ விழுது, வெந்நீர், சிறிது மிளகாய், கறுவா. நுரை வரும்வரை அடித்துத் தந்தாள். கறுவா நம் நாட்டுக் கறுவா! ஒரு கோப்பைக்கு ஏறக்குறைய 30 கிராம் கொக்கோ. அதில் உள்ள தியோபுரோமின் என்ற ஊக்கப் பொருள் இதயத்துடிப்பைச் சற்றுக் கூட்டும், மயக்கம் தராது. மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்று கேள்விப்பட்டதால் முதலில் என் மருத்துவரிடம் கேட்டேன், பிறகுதான் குடித்தேன். கொக்கோ என்னைக் குணமாக்கியது என்று நான் எங்கும் சொல்லவில்லை. அந்தச் சூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, பல மாதங்களுக்குப் பிறகு, அழ முடிந்தது. செபிக்கவும் முடிந்தது.

உங்கள் காதுக்கு எட்டியது வேறு ஒரு மாலை. அதையும் மறைக்க மாட்டேன். நகரின் மத்தியில் ஒரு யோகாக் கூடத்தில் கொக்கோச் சடங்கு நடப்பதாக அறிந்து, கட்டணம் கட்டிப் போனேன். வட்டமாக உட்கார்ந்தோம். நடத்தியவர், கொக்கோவின் ஆவியை உள்ளே அழையுங்கள், உங்களை அதனிடம் ஒப்படையுங்கள் என்றார். என் கை நின்றுவிட்டது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் பத்தாம் அதிகாரத்தை நான் இந்தப் பங்கிலேயே வாசித்திருக்கிறேன். சந்தையில் விற்பதைக் கேள்வி கேட்காமல் உண்ணுங்கள், மண்ணுலகும் அதில் உள்ளவையும் ஆண்டவருடையவை என்கிறார் பவுல். ஆனால் இது படையல் என்று ஒருவர் உங்களிடம் சொன்னால் உண்ணாதீர்கள் என்றும் அவரே சொல்கிறார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். நான் உள்ளே போனதைச் சொன்னவர், வெளியே வந்ததை உங்களிடம் சொல்லவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் அவள் வீட்டுச் சமையலறையில் இருவரும் செபமாலை சொல்கிறோம். அவள் ஸ்பானிய மொழியில், நான் தமிழில். பிறகு கொக்கோ குடிக்கிறோம். நற்கருணைக்கு ஈடாக ஒரு நாளும் அதை நான் நினைத்ததில்லை. இறைவன் படைத்த ஒரு மரத்தின் விதை அது. நன்றி சொல்லிக் குடிக்கிறேன்.

திருச்சபை இந்தப் பானத்தைப் பற்றி இன்று நேற்றா பேசுகிறது? கொக்கோ குடித்தால் உபவாசம் முறியுமா என்று ஆராய்ந்து 1636இல் மத்ரித்தில் லெயோன் பினேலோ என்ற சட்ட அறிஞர் ஒரு நூலே எழுதினார். பானம் உபவாசத்தை முறிக்காது என்று 1664இல் கர்தினால் பிரான்காச்சியோ எழுதினார். அவர்கள் எழுதி, எதிர்த்து, வாதிட்டு ஒரு முடிவுக்கு வர முயன்றார்கள். 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியும் மதுரையில் மறைபரப்பிய இத்தாலியக் குரு தத்துவ போதகர் (ரொபர்த்தோ தே நோபிலி) ஏற்றுக்கொண்ட குடுமியையும் சந்தனத்தையும் பற்றி இரு தரப்பையும் கேட்டபின்தான் அனுமதி தந்தார். 2024 நவம்பரில் மெக்சிக்கோவின் சியாப்பாஸ் பகுதி மாயா மக்களின் வழிபாட்டு நடனத்தையும் பெண்கள் தூபம் காட்டுவதையும் வத்திக்கான் ஏற்றது. நம் ஆலயத்திலும் குத்துவிளக்கு எரிகிறது, தைப்பொங்கல் பொங்குகிறது. நம் முன்னோரின் வழக்கத்துக்குப் பீடத்தருகே இடம் கொடுத்துவிட்டு, அவளுடைய முன்னோரின் பானத்தைப் பேய்க்குரியது என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

இன்னொன்றும் மனத்தில் கிடக்கிறது. முப்பத்தோராம் நாள் நினைவுத் திருப்பலிக்குப் பிறகு உங்களில் எவரும் என் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. ஒரு விதவை எங்கே, எப்படி, யாரோடு அழுகிறாள் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. அவள் என்ன குடிக்கிறாள் என்பது மட்டும் இரண்டு வாரத்தில் சபை வரைக்கும் வந்துவிட்டது. நம் திருமண மண்டபங்களில் ஒவ்வொரு மேசையிலும் மதுப் போத்தல்கள் நிற்கின்றன. அதற்காக எவருடைய பெயரும் எந்தப் பட்டியலிலிருந்தும் வெட்டப்பட்டதாக நான் அறியேன்.

கோபத்தில் எழுதிவிட்டேன். மன்னியுங்கள். உங்களில் பலர் என் கணவரின் பெட்டியைத் தோளில் சுமந்தவர்கள், அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஆகவே தாழ்மையுடன் மீண்டும் கேட்கிறேன்: என்னை அழைத்துக் கேளுங்கள். நான் செய்தது தவறு என்று பங்குத் தந்தை வேதத்திலிருந்து எடுத்துக் காட்டினால் கேட்டுக்கொள்வேன். தவறில்லை என்றால், என் பெயரைப் பழைய இடத்தில் எழுதுங்கள்.

நவம்பர் 2ஆம் திகதி மரித்த விசுவாசிகளின் நினைவு நாள். அன்றைய வாசகர் பட்டியல் இன்னும் ஒட்டப்படவில்லை. அதற்கு முன் எந்த மாலையிலும் நான் வருவேன். என் தோழியும் வரச் சம்மதித்திருக்கிறாள். அந்தத் தாளை இன்னும் செபப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன்.

இயேசுவில் உங்கள் சகோதரி,
பங்கின் முன்னாள் வாசகி