கவனம் குவியவில்லை என்று திட்டும் முன் கண்ணைச் சோதியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலையில் கவனத்தைக் குவிப்பது எப்படி என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தூக்கம், செல்போன், வீட்டுக் கவலை எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். கண்ணைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவைக் கவனித்துக்கொள்கிறவள் நான். எங்கள் பக்கம் ‘கவனம் இல்லை’ என்று பேர் வாங்குகிற பெண்களில் பலருக்குக் குறை மனசில் இல்லை, கண்ணில்தான் இருக்கிறது.

கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓடியிருக்கும். அதில் ஒரு இடத்தில் தையல் விட்டிருந்தால் கண்டுபிடிக்க வேண்டும். ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, வெட்டாத பிசிறு, மாறிப்போன சைஸ் லேபிள் என்று எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கிற வேலை. இருபது வருஷம் இதைச் சளைக்காமல் செய்தவர்கள் நாற்பது தாண்டியதும் துணியைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்க ஆரம்பிப்பார்கள். அப்புறம் ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார்கள். துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிற அக்கா ஊசியில் நூல் கோக்கப் பக்கத்தில் இருக்கிற சின்னப் பெண்ணைக் கூப்பிடுவார். பீஸ் திரும்பி வரும், திட்டும் கூடவே வரும். ‘நினைப்பு எங்க இருக்கு?’ என்று கேட்பார்களே தவிர, ‘எழுத்து தெரியுதா?’ என்று யாரும் கேட்பதில்லை.

பெரியவர்கள் இதை வெள்ளெழுத்து என்பார்கள். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் சின்ன வயதில் இளக்கமாக இருக்கிறது. கிட்டத்தில் பார்க்கும்போது உள்ளே இருக்கும் தசை சுருங்க, லென்ஸ் தடித்து, ஒளியை விழித்திரையில் குவிக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் தூரத்தில் வைத்தாலும் தெளிவாகத் தெரியும். வயது ஏற ஏற லென்ஸ் இறுகிப்போய், ஐம்பதை ஒட்டி ஏறக்குறைய அரை மீட்டர் தள்ளினால்தான் தெளிகிறது. எல்லோருக்கும் வருவதுதான், தப்புவார் இல்லை. அறுவை சிகிச்சை தேவையில்லை, மருந்தும் வேண்டாம். சாதாரண ப்ளஸ் பவர் கண்ணாடி போதும்.

அந்தக் கண்ணாடி என்ன செய்யும் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளர்களை வைத்து ஆய்வு நடத்தி, 2018-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியிட்டார்கள். கண்ணாடி கொடுக்கப்பட்டவர்கள் பறித்த கொழுந்து, கொடுக்கப்படாதவர்களோடு ஒப்பிட 21.7 சதவீதம் கூடியது. வங்கதேசத்தில் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில் கண்ணாடி பெற்றவர்களின் வருமானமே மூன்றில் ஒரு பங்கு உயர்ந்திருக்கிறது. இலை பறிக்கிற வேலையிலேயே இவ்வளவு என்றால், தையலை எண்ணிப் பார்க்கிற எங்களுக்கு எவ்வளவு இருக்கும்!

கம்பெனிக்குக் கண் முகாம் வராமல் இல்லை. வருகிறவர்கள் தூரத்தில் அட்டையை மாட்டிப் படிக்கச் சொல்கிறார்கள், புரை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். எங்கள் பெண்கள் கடைசி வரிவரை படித்துவிட்டு, ‘கண் நல்லா இருக்கு’ என்ற சீட்டோடு திரும்புகிறார்கள். கிட்டப் படிக்கிற அட்டையைக் கையில் கொடுப்பதில்லை. கொடுத்தாலும் தமிழ் எழுத்து மட்டும் இருந்தால் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருப்பவர்கள் என்ன செய்வார்கள்? எழுத்துக்குப் பதில் குறி போட்ட அட்டைகள் இருக்கின்றன. அவரவர் தைக்கிற துணியையே கொடுத்துப் பார்க்கச் சொன்னால் இன்னும் நல்லது.

பஸ் ஸ்டாண்டில் நூறு, இருநூறு ரூபாய்க்கு ரெடிமேட் கண்ணாடி கிடைக்கிறதே என்பார்கள். அவசரத்துக்கு உதவும், சரி. ஆனால் இரண்டு கண்ணுக்கும் பவர் வேறாக இருக்கலாம். சர்க்கரை நோயோ கண் நீர் அழுத்தமோ சத்தமில்லாமல் பார்வையைத் தின்றுகொண்டிருக்கலாம். அதைப் பிளாட்பாரக் கடையில் கண்டுபிடிக்க முடியாது.

இதைவிடப் பெரிய தடை பயம். கண்ணாடியைப் பையிலேயே வைத்துக்கொண்டு போடாமல் உட்கார்ந்திருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். போட்டால் ‘வயசாயிடுச்சு’ என்று சொல்லி மெஷினிலிருந்து எடுத்துப் பிசிறு வெட்டப் போட்டுவிடுவார்கள், கூலி குறைந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி மாற்றப்பட்டவர்களைப் பார்த்துத்தான் அந்தப் பயம் வந்தது. தொழில் தெரிந்த கையை ஒரு கண்ணாடி இல்லாத குறைக்காக ஓரங்கட்டுவது பெரிய அநியாயம்.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி கொடுக்க 2009-இல் கண்ணொளி காப்போம் திட்டம் வந்தது. அவர்களின் அம்மாக்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி 40 வயது தாண்டிய தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை உண்டு. ரத்த அழுத்தம், சர்க்கரையோடு முடித்துவிடாமல் கிட்டத்தில் இருப்பது தெரிகிறதா என்கிற கண் சோதனையையும் அதில் கட்டாயமாகச் சேர்க்க வேண்டும். தேவைப்படுகிறவர்களுக்கு அங்கேயே கண்ணாடி கொடுக்க வேண்டும். முடிவு எழுதிய சீட்டைத் தொழிலாளி கையில்தான் தர வேண்டும், நிர்வாகத்திடம் அல்ல.

இப்படிக்கு,
பனியன் கம்பெனித் தொழிலாளி ஒருத்தி,
திருப்பூர்.